இரண்டு மேரி, இரண்டு கவர்

"ஏ.மேரி... வி.பேட்டை..." என்று கவுன்ட்டரில் இருந்த பெண் கூப்பிட்டார். இரண்டு பேர் எழுந்தார்கள்.

பெரம்பலூரில் ஒரு தனியார் ரத்தப் பரிசோதனை நிலையம். போன வாரம், காலை நேரம். எழுந்தவர்களில் ஒருவருக்குப் பக்கத்தில் பயணப் பையோடு கணவர். இன்னொருவர் துணிப்பையை இடுக்கிக்கொண்டு தனியாக வந்திருந்தார். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள் – ஒரே ஊர், ஒரே பஸ்ஸில்தான் வந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

கவுன்ட்டர் பெண் தன் கையைப் பார்த்தார். இரண்டு கவர்கள் இருந்தன. இரண்டின் மேலும் ஏ.மேரி. இரண்டின் மேலும் வி.பேட்டை. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடப் போய்விட்டார். இரண்டு மேரி, இரண்டு கவர்... கணக்கு சரிதானே?

நான் அங்கே உட்கார்ந்திருந்தது ரத்தம் கொடுப்பதற்காக அல்ல. பெருமை அடித்துக்கொள்வதற்காக. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும், அது எனக்குப் பிடித்த வேலை.

விஷயம் இதுதான். பெரம்பலூரில் ஓர் உரக்கடையின் மாடியில் சின்ன சாஃப்ட்வேர் ஆபீஸ் நடத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தப் பரிசோதனை நிலையத்துக்கு ஊர் ஊராகக் கிளைகள். அங்கே ரத்தம் எடுத்து, குழாயில் லேபிள் ஒட்டி, பெரம்பலூருக்கு அனுப்புவார்கள். லேபிள் அடிக்கிற புரோகிராம் ரொம்பப் பழசு. யாரோ ஒரு புண்ணியவான் 'சி' மொழியில் எழுதியது. கிளைகளில் இருந்த பழைய கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக மண்டையைப் போட ஆரம்பித்ததும், "எல்லாத்தையும் போன்லயே அடிக்கிற மாதிரி செஞ்சு குடுங்க மேடம்" என்று மேனேஜர் இளங்கோ கேட்டார். பைத்தான் மொழிக்கு மாற்றிக் கொடுத்தேன். பெரம்பலூரில் உள்ள மெயின் கம்ப்யூட்டர் மட்டும் இன்னும் பழைய புரோகிராமில்தான் ஓடுகிறது. அதைக் கடைசியில் மாற்றலாம் என்று ஏற்பாடு.

சாஃப்ட்வேர் என்றதும் பக்கத்தைப் புரட்டாதீர்கள். பள்ளிக்கூடத்துக் கூட்டல், பெருக்கல், வகுத்தல் போதும்.

அந்த லேபிளில் பெயர், கணவர் அல்லது அப்பா பெயர், ஊர் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியில் இரண்டு இலக்கம். அந்த இரண்டு இலக்கத்துக்குப் பெயர் 'செக்சம்'. எப்படி வருகிறது? ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. முதல் எழுத்தின் எண்ணை ஒன்றால் பெருக்கு, இரண்டாவதை இரண்டால் பெருக்கு, மூன்றாவதை மூன்றால்... எல்லாவற்றையும் கூட்டு. 97-ஆல் வகு. மிச்சம் வருவதை லேபிளின் வாலில் ஒட்டு. அவ்வளவுதான். லேபிள் நனைந்து ஓர் எழுத்து அழிந்துபோனாலும், பெரம்பலூரில் ஸ்கேன் செய்கிற மெஷின் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, "இது பொருந்தவில்லை" என்று குழாயைத் தள்ளிவிடும். ஒருவர் ரத்தம் இன்னொருவர் பெயரில் போய்விடக் கூடாது... அதற்குத்தான் இந்தக் காவல்.

பழைய புரோகிராமில் இந்தக் கணக்குக்கு இருந்தது மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி. டீ ஆறுவதற்குள் மாற்றிவிட்டேன். நான் என்ன நேற்று பிறந்தவளா? இந்த ஊரில் பாதிப் பேருக்கு 'சி' சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

சோதித்தும் பார்த்தேன். ராஜா, செட்டிகுளம். மணி, குன்னம். குமார், வேப்பூர். பழைய புரோகிராம் என்ன சொன்னதோ அதையே புதியதும் சொன்னது. எல்லாம் பொருந்தியது. சாஃப்ட்வேர்காரர்கள் சோதனைக்கு வைக்கிற பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாம் நாலெழுத்து, ஐந்தெழுத்து. டைப் அடிக்கச் சோம்பல்... வேறொன்றுமில்லை.

புது ஆப் கிளைகளுக்குப் போனது. முதலில் சில லேபிள்கள் திரும்பி வந்தன. பிறகு அதுவும் நின்றுவிட்டது. "இப்ப ஒரு லேபிளும் ரிஜெக்ட் ஆகறதில்ல மேடம்" என்று இளங்கோ சொன்னார். அதைக் கேட்டுக் குளிர்ந்துபோய், நேரில் வந்து இன்னும் இரண்டு தடவை அந்த வாக்கியத்தைச் சொல்ல வைக்கலாமென்றுதான் அன்று காலை அங்கே போயிருந்தேன்.

அப்போதுதான் பயணப் பைக்காரரின் மனைவி கவரைப் பிரித்தார்.

"என்னங்க இது... சர்க்கரை இவ்வளவு போட்டுருக்காங்க?"

மூன்று மாதச் சராசரி சர்க்கரை. பேப்பரைக் கணவரிடம் நீட்டினார். கணவர் படித்துவிட்டுப் பையைக் கீழே வைத்தார்.

கவுன்ட்டர் அருகே போன அந்த அம்மாவின் குரல் கணீரென்று இருந்தது. வகுப்பறைக் குரல். "எனக்கு சர்க்கரையே கிடையாதுங்க. இன்னிக்கு சாயந்தரத்துக்குள்ள திருச்சியில அட்மிட் ஆவணும். நாளைக்குக் காலையில பித்தப்பைக் கல்லு ஆபரேஷன். இந்தப் பேப்பரக் கொண்டுபோயி காட்டுனா, சர்க்கரையக் குறைச்சுட்டு வாம்மான்னு திருப்பி அனுப்பிடுவாங்க."

எத்தனை நாள் வலியோ அவருக்கு. சாப்பிடப் பயந்து பயந்து ஆள் பாதியாகியிருந்தார். பள்ளியில் லீவு சொல்லி, சர்ஜனிடம் காத்திருந்து தேதி வாங்கி, வரதராஜன்பேட்டையில் பஸ் ஏறி, ஜெயங்கொண்டம், அரியலூர் என்று மாறி மாறிப் பெரம்பலூர் வந்திருக்கிறார். திருச்சிக்கு இது சுற்றுவழி. ரிப்போர்ட் தாமதமாகிக்கொண்டே போனதால் நேரில் வாங்கிப் போக வந்தவர்.

"மூணு தடவ ரத்தம் எடுத்தாங்க," என்று கையை நீட்டிக் காட்டினார். முழங்கை மடிப்பில் ஊசி குத்திக் கன்றிப்போய் ஒரே பச்சை. "மொதல் ரெண்டையும் மிஷின் ஏத்துக்கலையாம். என் ரத்தத்த மிஷினுக்குப் புடிக்கலன்னு சொல்லிச் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். இப்ப இது மூணாவது."

மிஷினுக்குப் பிடிக்கவில்லை என்றால், லேபிள் திரும்பி வந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி சுட்டது.

"உங்க பேரு?" என்று கேட்டேன்.

"அற்புத அடைக்கலமேரி. வூட்டுக்காரர் பேரு சவரிமுத்து. வரதராஜன்பேட்டை."

"கவர்ல ஏ.மேரின்னு இருக்கே?"

"அதான் எனக்கும் புரியல. எனக்கு யாரும் அப்படிப் பேரு வெக்கல."

துணிப்பைக்காரம்மா இதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். அவர் கையிலும் பிரித்த கவர். "டீச்சர், என்னோடதுல எல்லாம் நார்மல்னு போட்டுருக்கு. மாதாவுக்கு மெழுகுவத்தி ஏத்தணும்னு நெனச்சுக்கிட்டே நின்னேன்..." என்று ஆரம்பித்தவர், டீச்சரின் பேப்பரையும் தன்னுடையதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவர் பெயர் ஆரோக்கிய அருள்மேரி. கணவர் சூசைமாணிக்கம். முந்திரித்தோப்பு வைத்திருக்கிறார்கள். அதே வரதராஜன்பேட்டை.

ஆங்கிலத்தில் சுருக்கினால் அவரும் ஏ.மேரி. இவரும் ஏ.மேரி. கணவர்மார் இருவரும் எஸ். ஊர் வி.பேட்டை.

வரதராஜன்பேட்டைக் கிளையில் ரத்தம் எடுக்கிற ரெஜினாவுக்கு இளங்கோ போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"ஆமா சார், நாந்தான் சுருக்கிப் போட்டேன்," என்றார் ரெஜினா, ஒளிக்காமல். "முழுப் பேரு போட்டா புது ஆப்ல வர்ற லேபிள் அங்க திரும்பி வந்துடுது. எங்க ஊருக்காரங்க நெறைய பேருக்கு அப்படித்தான். சுருக்கிப் போட்டா போயிடுது. ஜனங்களுக்குத் திரும்பத் திரும்ப ஊசி குத்த எனக்கு மனசு வரல சார். மேடத்துக்கிட்ட ரெண்டு தடவ போன் பண்ணிச் சொன்னேன்."

இளங்கோ என்னைப் பார்த்தார். டீச்சர் என்னைப் பார்த்தார். டீச்சரின் கணவர்கூட அப்போதுதான் என்னைச் சரியாகப் பார்த்தார்.

ரெஜினா சொன்னது உண்மை. முதல் தடவை, "டைப்பிங்ல தப்பு இருக்கும், நல்லா பாருங்க" என்றேன். இரண்டாவது தடவை, "அங்க சிக்னல் சரியில்ல போல" என்றேன். புரோகிராமைச் சோதித்தவள் நான். என் புரோகிராமைச் சந்தேகப்படும் உரிமை எனக்கே கிடையாது என்று அன்றுவரை ஓர் எண்ணம்.

'ஒரு லேபிளும் ரிஜெக்ட் ஆகறதில்ல' என்று இளங்கோ சொன்னாரே... ஏன் ஆகவில்லை என்பது இப்போது புரிந்தது. புரோகிராம் சரியாகிவிடவில்லை. ஜனங்கள் பெயரைக் குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டு பேருக்கும் அங்கேயே புதிதாக ரத்தம் எடுப்பது என்று முடிவானது. டீச்சர் நாலாவது தடவையாகக் கையை நீட்டினார். "பேரக் கையால எழுதி ஒட்டிடலாமா டீச்சர்? சீக்கிரம் முடியும்," என்றார் இளங்கோ.

"வேணாங்க. அவசரத்துல மறுபடி ஏ.மேரின்னு எழுதுவீங்க. என் முழுப் பேரும் அடிச்சு வரட்டும். அப்பத்தான் வாங்கிட்டுப் போவேன். அங்க ஆபரேஷன் பண்ணப் போறது எனக்கா, வேற யாருக்காவதா?"

நியாயம். எவ்வளவு நேரமிருக்கிறது என்று கேட்டேன். மதியம் பஸ் ஏறினால் சாயங்காலத்துக்குள் போய்விடலாம் என்றார். லேபிள் ஒட்டாமல் குழாய் மெஷினுக்குள் போகாது; அதற்கு முன்னால் நான் தப்பைக் கண்டுபிடிக்க வேண்டும். கோபம்தான் வந்தது எனக்கு. யார் மேல் என்று கேட்காதீர்கள். கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும்.

உள்ளறையில் இடது பக்கம் பழைய புரோகிராம், வலது பக்கம் என்னுடையது. டீச்சர் பின்னால் நின்று பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார், நான் அடித்தேன். பெயர் முடிகிறது, கணவர் பெயர் முடிகிறது, வரதராஜன்பேட்டை ஆரம்பிக்கிறது... அதுவரை இரண்டு பக்கமும் கூட்டுத்தொகை ஒரே எண். வரதராஜன் முடிவதற்குள் ஓர் இடத்தில் என்னுடையது ஏறிக்கொண்டே போக, பழையது சடாரென்று கீழே விழுந்து சின்ன எண்ணாக நின்றது.

சிரித்துவிட்டேன். சத்தமாகவே.

பழைய ஸ்கூட்டரில் கிலோமீட்டர் காட்டும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். 99,999 வரை ஓடும். அடுத்த கிலோமீட்டரில் மறுபடி முட்டை முட்டையாக நிற்கும். வண்டி அவ்வளவு தூரம் ஓடவில்லை என்றா அர்த்தம்? மீட்டரில் இடம் அவ்வளவுதான். அந்தப் பழைய புரோகிராமிலும் கூட்டுத்தொகைக்கு ஒதுக்கிய இடம் சின்னது. 65,535 வரைதான் கொள்ளும். அதைத் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கும். பைத்தானில் அந்தத் தொல்லையே இல்லை. எண் எவ்வளவு பெரிதானாலும் இடம் கொடுக்கும்.

ராஜா, செட்டிகுளம் என்று அடித்தால் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாது. வரதராஜன்பேட்டைக்காரர்கள் முழுப் பெயர் சொன்னால்தான் தாண்டும். ஊர்ப் பெயரே அவ்வளவு நீளம். அதற்கு முன்னால் புனிதர் பெயர், மாதா பெயர், கணவர் பெயர் என்று யாரையும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்கிற ஜனங்கள்.

கவனியுங்கள். பழைய புரோகிராம் போட்டது தப்புக் கணக்கு. நான் போட்டது சரியான கணக்கு. ஆனால் இத்தனை வருஷமாக லேபிள் அடித்த இடத்திலும் ஸ்கேன் செய்த இடத்திலும் ஒரே தப்பு நடந்ததால், அது பொருந்திப் போனது. ஒரு பக்கத்தை மட்டும் நான் திருத்தினேன். சரியாகக் கணக்குப் போட்டதுதான் நான் செய்த தப்பு.

ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு மாற்றுகிறவர்கள் எழுதியிருப்பதை மட்டும் மாற்றினால் போதாது. எழுதாமலே நடந்துகொண்டிருப்பதையும் மாற்ற வேண்டும். பன்னிரண்டு வரியிலும் '65,535-ஐத் தாண்டினால் திரும்பி வா' என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இடம் சின்னது என்பதால் தானாக நடந்தது. நான் வீட்டைக் காலி செய்து சாமானையெல்லாம் கொண்டுபோனேன். அந்த வீட்டின் தாழ்வான நிலைவாசலில் குனிந்து போகும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு வரி சேர்த்தேன். எல்லையைத் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து தொடங்கு என்று. பக்கத்தில் குறிப்பும் எழுதினேன்: 'இது தப்புதான். தெரிந்தேதான் இருக்கிறது. யாரும் திருத்த வேண்டாம்.'

அற்புத அடைக்கலமேரியின் முழுப் பெயரோடு லேபிள் வந்தது. ஸ்கேன் செய்தார்கள். மெஷின் ஏற்றுக்கொண்டு பீப் என்றது. அந்தச் சத்தத்துக்கு டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். நானும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று போட்டுக்கொண்டேன்.

ரிப்போர்ட் வருவதற்குக் காத்திருக்கும்போது அருள்மேரி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீங்க எந்த ஊருங்க?"

"பெரம்பலூர்தான்."

"டவுன்லயே எந்தத் தெரு?"

சொன்னேன்.

"அங்க யாரு வூடு? எங்க சின்ன நாத்தனார் அந்தத் தெருவுலதான் குடியிருக்கா."

சொன்னேன். வீட்டு எதிரில் இருக்கும் அரிசி ஆலையைச் சொன்னேன். "ஆங்... சரி சரி," என்று தலையாட்டினார். திருப்தி.

சின்ன வயதில் இந்தக் கேள்விகளை வம்பு என்று நினைத்து எரிச்சல்பட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் பெயரோடு யாரையும் விடமாட்டார்கள். ஊர், தெரு, யார் வீடு, எதிரில் என்ன கடை... ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் கையில் இருக்கும் விவரத்தோடு பொருந்தினால் ஒரு தலையாட்டல். இது செக்சம் இல்லையா? வரதராஜன்பேட்டைக்காரர்கள் பெயரை நீளமாக வைத்துக்கொள்வதும் அதற்குத்தானே? ஒரே தெருவில் பத்து மேரி இருக்கும்போது அற்புதம் என்பதும் அடைக்கலம் என்பதும் அலங்காரம் அல்ல. அவைதான் ஆளைப் பிரித்துக் காட்டுகின்றன. அதைத்தான் என் ஆப் ஒரே எழுத்தாக நறுக்க வைத்தது. எனக்கு அது வெட்கமாகவே இருந்தது.

ரிப்போர்ட் வந்தது. டீச்சருக்குச் சர்க்கரை இல்லை.

அருள்மேரிக்கு இருந்தது. நிறைய இருந்தது.

எல்லோரும் டீச்சரின் ஆபரேஷனைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். டீச்சருக்குத் தப்பான பேப்பர் போயிருந்தால் தேதிதான் தள்ளிப் போயிருக்கும். அருள்மேரி அந்த 'நார்மல்' பேப்பரைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பார். யாரும் அவரைத் திருப்பிக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். கை கால் மரத்துப்போகுது என்று சொல்லித்தான் அவர் பரிசோதனைக்கே வந்திருக்கிறார். கண் போயிருக்குமா, கால் போயிருக்குமா... நினைக்கவே பயமாக இருந்தது.

"டீச்சர் சத்தம் போட்டதுனால தப்பிச்சேன்," என்றார் அருள்மேரி. கண் கலங்கியிருந்தது. டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத. இப்பவே இங்க டாக்டரப் பாத்துட்டுத்தான் நீ பஸ் ஏறணும். மெழுகுவத்திய ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கே போயி ரெண்டு பேருமா ஏத்துவோம்." சொல்லிவிட்டு, திருச்சி பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினார். கணவர் பையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நான் ரெஜினாவுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம். இனிமே போன் பண்ணா எடுத்துக் கேளுங்க," என்றார். அன்றே ஏ.மேரி, ஏ.சாமி, ஏ.ராஜ் என்று சுருக்கிப் போட்ட எல்லாருடைய பெயர்களையும் அவரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொருவர் ரிப்போர்ட்டையும் இளங்கோவை உட்கார வைத்துச் சரிபார்த்தோம். வேறு மாறாட்டம் இல்லை. அதன் பிறகுதான் தூங்கினேன்.

முந்தாநாள் ஒரு போன். வகுப்பறைக் குரல்தான், கொஞ்சம் சோர்வாக.

"மேடம், அடைக்கலமேரி பேசறேன். கல்ல எடுத்துட்டாங்க. நல்லா இருக்கேன்."

சந்தோஷம் என்றேன். உண்மையிலேயே சந்தோஷம்.

"தியேட்டர்ல மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி, உங்க பேரு ஊரு சொல்லுங்கன்னாங்க. இந்தத் தடவ நல்லா முழுசா சொல்லிடணும்னு ஆரம்பிச்சேன் மேடம். என் பேரு, அவர் பேரு எல்லாம் சொல்லிட்டேன். ஊரச் சொல்றதுக்குள்ள ஊசி போட்டுட்டாங்க போல. வரதராஜன் வரைக்கும் வந்தேன். அதுக்கப்புறம் நெனவில்ல."

பரவாயில்லை டீச்சர். விட்டுப்போன பேட்டை என் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது – இப்போது எந்தப் புரோகிராமைச் சோதித்தாலும் முதல் பெயர் உங்களுடையதுதான், ராஜா கடைசியில் நிற்கிறார்.